போலோ 1.0 டிஎஸ்ஐ, வருடத்துக்கு மூன்று நான்கு தடவை இருங்காட்டுக்கோட்டை: முதலில் எதை மாற்றுவது?

பெருங்குடி_போலோ

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2021 போலோ 1.0 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல். போன வருடம் செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். இப்போது 43,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 110 பிஎஸ், கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்கிறது. ஒரு ஸ்க்ரூகூட மாற்றவில்லை.

போன மாதம் முதல் தடவையாக இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டினேன். இருபது நிமிட செஷன், ஒரு நாளில் நான்கு. முதல் செஷன் முடிந்து இறங்கியபோது அவ்வளவு சந்தோஷம், உடனே வீட்டுக்கு போன் போட்டுச் சொன்னேன். இரண்டாவது செஷன், நான்காவது ரவுண்ட். நீளமான ஸ்ட்ரெய்ட் முடியும் இடத்தில் ஸ்பீடோமீட்டர் 150-ஐத் தொட்டிருந்தது. பிரேக்கில் கால் வைத்தேன். பெடல் எந்தத் தடையும் இல்லாமல் தரைவரை போனது. திரும்ப மிதித்தேன், இன்னொரு தடவை மிதித்தேன், மூன்றாவதில்தான் கொஞ்சம் பிடித்தது. வளைவில் திரும்ப முடியாமல் நேராகப் புல்லுக்குள் போய் நின்றேன். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பிட்டுக்கு வந்து இன்ஜினை அணைத்த பிறகும் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது. மீதி இரண்டு செஷனை விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

ஆனாலும் திரும்பப் போக வேண்டும் என்றுதான் மனசு சொல்கிறது. ரேஸ் ஓட்டும் ஆசை இல்லை, வருடத்துக்கு மூன்று நான்கு நாள், அவ்வளவுதான். 80,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். நண்பர்கள் சொல்வது ஈசியூ ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிப் பவர் கூட்டுவது), வண்டியைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங், 17 இன்ச் அலாய், எக்ஸாஸ்ட். ஒரு பட்டறையில் முன்பக்கம் பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் பெரிய காலிப்பர் போடச் சொன்னார்கள். அது ஒன்றே என் பட்ஜெட்டைத் தாண்டுகிறது.

இது என் ஒரே வண்டி. தினமும் ஆபீஸ், மாதம் ஒருமுறை அம்மா அப்பாவைப் பார்க்கக் கும்பகோணம். அப்பாவுக்கு முட்டி வலி, தாழ்வான வண்டியில் ஏறி இறங்கக் கஷ்டப்படுவார். எங்கே ஆரம்பிக்கலாம்?

சோழவரம்_ஞாபகம்

தம்பி, பெடல் போனதும் பதறிப்போய் காலை எடுக்காமல் பம்ப் பண்ணினீர்களே, அதுதான் உங்களைக் காப்பாற்றியது. நிறையப் பேருக்கு அந்த ஒரு நொடியில் அது தோன்றாது.

டிராக்கில் பிரேக் கைவிடுவதில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு. பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, எவ்வளவு அமுக்கினாலும் வண்டி நிற்கவில்லை என்றால் டிஸ்கை உரசும் பேட் சூடாகிப் பிடிப்பை இழந்துவிட்டது. பெடல் மெத்து மெத்தென்று ஆகித் தரைவரை போகிறது, பம்ப் பண்ணினால் கொஞ்சம் வருகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. உங்களுடையது இரண்டாவது. திரவம் அமுங்காது, அதனால்தான் கால் கொடுக்கும் அழுத்தம் காலிப்பர்வரை போய்ச் சேருகிறது. கொதித்து ஆவிக்குமிழ் வந்துவிட்டால் ஆவி அமுங்கும். நீங்கள் மிதிப்பதெல்லாம் அந்தக் குமிழை நசுக்கவே போய்விடும்.

ஒரு கணக்குப் பாருங்கள். உங்கள் வண்டி, நீங்கள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 1,200 கிலோ என்று வைப்போம். 150-இல் இருந்து 70-க்குக் குறைக்கும்போது வண்டி இறக்கி வைக்கும் ஆற்றல் சுமார் 8 லட்சம் ஜூல். நம்ம ஊர்க் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும், அதுவும் இரண்டே முக்கால் லிட்டர் தண்ணீரை. ஒரே ஒரு பிரேக்கில்! காற்றும் இன்ஜினும் கொஞ்சம் வாங்கிக்கொண்டாலும் பெரும்பகுதி முன்பக்கத்து இரண்டு டிஸ்க் தலையில்தான் விழுகிறது. ஒரு ரவுண்டில் இப்படி எத்தனை இடம், இருபது நிமிடத்தில் எத்தனை ரவுண்ட்! ஓஎம்ஆரில் நாள் முழுக்க ஓட்டினாலும் பிரேக்குக்கு இந்த வேலை வராது.

இப்போது ஆயில். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய டாட் 4-க்கு விதிப்படி 155 டிகிரி தாங்கினால் போதும். சென்னை மாதிரி கடலோர ஊரில் இரண்டு வருடம் கிடந்த ஆயில் எந்தப் பக்கம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. செகண்ட் ஹேண்ட் வண்டி, முன்னாடி வைத்திருந்தவர் எப்போது மாற்றினார்? சர்வீஸ் பில்லை எல்லாம் எடுத்துப் பாருங்கள். மாற்றவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என்னிடம் 2008 ஃபியஸ்டா 1.6 எஸ் இருக்கிறது, பதினைந்து வருடத்துக்கு மேலாக அதைத்தான் டிராக்குக்குக் கொண்டு போகிறேன். இரண்டாவது தடவை போனபோது எனக்கும் இதேதான் நடந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் எக்ஸாஸ்டுக்கும் ஏர் ஃபில்டருக்கும் 40,000 ரூபாய் கொடுத்திருந்தேன். மறுநாள் வீட்டு வாசலில் வீலைக் கழற்றி, காலிப்பர் நிப்பிளில் டியூப்பை மாட்டி, பையனைப் பெடலை மிதிக்கச் சொன்னேன். பாட்டிலுக்குள் இறங்கியது சாதாரணமாக இருக்க வேண்டிய இளமஞ்சள் இல்லை, ஃபில்டர் காபி டிகாக்‌ஷன் நிறம். அதற்குள் பொடிப்பொடியாகக் குமிழ். பையன் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தான். "அப்பா, இதை நம்பியா ஓட்டினீங்க?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பிறகு ஒவ்வொரு டிராக் டேக்கும் முன்னால் ஆயில் மாற்றாமல் நான் போனதில்லை.

ஆக முதல் வேலை பிரேக் ஆயில். கடையில் மோட்டுல் ஆர்பிஎஃப் 600 கிடைக்கும், புதிதாக இருக்கும்போது கொதிநிலை 312 டிகிரி. அதுவும் டாட் 4 வகைதான், கழுவிவிட்டு ஊற்றலாம். டாட் 5 என்று எழுதியிருக்கும் சிலிகான் ஆயிலை மட்டும் தொடாதீர்கள், அது வேறு ஜாதி, கலக்கவே கூடாது. அரை லிட்டர் பாட்டில் இரண்டு வாங்குங்கள். உங்கள் வண்டியில் கிளட்சும் அதே டப்பாவில் இருந்துதான் ஆயில் குடிக்கிறது, அந்த லைனையும் சேர்த்துப் பிளீட் பண்ண, அதாவது பழைய ஆயிலையும் குமிழையும் வெளியேற்ற, சொல்லுங்கள். பல பட்டறைகளில் அதை விட்டுவிடுவார்கள். பாட்டிலைத் திறந்தால் அன்றே பயன்படுத்திவிட வேண்டும், மீதியை அலமாரியில் வைத்து அடுத்த வருடம் ஊற்றக் கூடாது.

இரண்டாவது முன்பக்க பேட். இதில் ஒரு எச்சரிக்கை. முழு ரேஸ் பேட் வாங்காதீர்கள். சூடு ஏறினால்தான் அது பிடிக்கும். காலையில் எட்டரை மணிக்கு தெருமுனையில் பள்ளிப் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கும்போது உங்கள் பேட் குளிர்ந்து கிடக்கும். ரோட்டுக்கும் டிராக்குக்கும் பொதுவாக ஒரு ரகம் விற்கிறார்கள். எத்தனை டிகிரியில் இருந்து எத்தனை டிகிரிவரை வேலை செய்யும் என்று கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் கீச்சென்று சத்தம் வரும், அலாய் கறுக்கும், பொறுத்துக்கொள்ளலாம். பின்னால் டிரம், அதைக் கம்பெனி ஷூவோடு அப்படியே விடுங்கள். ஷூவின் தடிமனையும் வீல் சிலிண்டரில் கசிவு இருக்கிறதா என்பதையும் மட்டும் பார்த்தால் போதும்.

பெரிய டிஸ்க் இப்போது வேண்டாம். பெரிய டிஸ்க் வண்டியைச் சீக்கிரம் நிறுத்தும் என்று நினைக்கிறார்கள். இப்போதே நீங்கள் அமுக்கினால், வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்கிறது அல்லவா? அப்படியென்றால் நிறுத்துவதில் எல்லை டயர்தான், டிஸ்க் இல்லை. பெரிய டிஸ்க் கொடுப்பது சூட்டைத் தாங்கும் இடம். 110 பிஎஸ் வண்டி, இருபது நிமிட செஷன், அதற்கு நல்ல ஆயிலும் பேடும் போதும்.

ரீமேப்பும் இப்போது வேண்டாம். பவர் கூடினால் ஸ்ட்ரெய்ட் முடிவில் 150 வருகிற இடத்தில் 160 வரும். பத்து கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் வேகத்தின் வர்க்கத்தில் ஆற்றல் ஏறும், அந்தப் பத்தே கிட்டத்தட்ட 14 சதவீதம் கூடுதல். ஏற்கெனவே திணறும் பிரேக்குக்கு அதை எதற்குக் கொடுக்க வேண்டும்? வாரண்டி மிச்சம் இருந்தால் இன்னொன்றும் உண்டு. மென்பொருளை மாற்றியது தெரிந்தால் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் கணினியில் டிடி1 என்று குறித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு இன்ஜின், கியர்பாக்ஸ் வாரண்டி பற்றிப் பேசவே முடியாது.

பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால், பக்கத்து சீட்டில் ஒரு பயிற்சியாளரை உட்கார வைக்கப் போடுங்கள். என் அனுபவத்தில் எந்தப் பாகமும் தராத மாற்றத்தை அவர் ஒரு செஷனில் தருவார். புதிதாக ஓட்டுகிறவர்கள் பயத்தில் தூரத்தில் இருந்தே பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே வருவார்கள். பேட் உரசிக்கொண்டே இருக்கும், ஆற நேரமே கிடைக்காது. நேராக, அழுத்தமாக, கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு விட வேண்டும். சொன்னால் எளிதாக இருக்கிறது, உடம்பு கற்றுக்கொள்ள யாராவது பக்கத்தில் இருந்து "இப்போ... இப்போ விடு" என்று சொல்ல வேண்டும்.

அப்பா என்னை 80-களில் சோழவரத்துக்கு ரேஸ் பார்க்கக் கூட்டிப்போவார். போர்க்காலத்து விமான ஓடுதளம் அது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டை வந்தபிறகுதான் நம் ஊருக்கு நிரந்தர டிராக் என்று ஒன்று வந்தது. பெங்களூர் ஹைவேயில் ஒரு மணி நேரம் போனால் 3.7 கிலோமீட்டர் டிராக். எங்கள் தலைமுறைக்கு இது கனவு. உங்களைப் போல ஒருவர் பயந்துபோய் பாதியில் திரும்பி வந்தால் எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கோவை_பட்டறை

அண்ணன் பிரேக்கை முழுசாகச் சொல்லிவிட்டார். நான் செட்டிபாளையம் காரி டிராக்குக்கு வரும் வண்டிகளைப் பார்த்துக்கொடுப்பவன். அது 2.1 கிலோமீட்டர்தான், சின்ன டிராக், டயரைத் தின்றுவிடும். அதனால் டயரைப் பற்றி மட்டும் சொல்கிறேங்க.

முன் வீல் டிரைவ் வண்டியில் முன் டயருக்கு மூன்று வேலை. இழுக்கணும், திருப்பணும், பிரேக்கும் பிடிக்கணும். கம்பெனி அலைன்மென்டில் முன்னால் கேம்பர், அதாவது வீலின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும் அளவு, ரொம்பச் சொற்பம், அதனால் வளைவில் வண்டி சாயும்போது டயரின் வெளிப்பக்கத் தோள்தான் உரசும். ஒரு சாக்பீஸை எடுத்து டயரின் தோளில், ட்ரெட் முடிந்து பக்கச்சுவர் ஆரம்பிக்கும் இடத்தில், குறுக்கே தடிமனாக மூன்று கோடு போடுங்க. அஞ்சு ரவுண்ட் ஓட்டிவிட்டு வந்து பாருங்க. தோள் விளிம்புவரை மட்டும் அழிந்திருந்தால் காற்று சரி. பக்கச்சுவரில் இருக்கிற சாக்பீஸும் அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று போதவில்லை. தோளிலேயே சாக்பீஸ் மிச்சம் இருந்தால் காற்று ஜாஸ்தி. பத்து ரூபாய் செலவில்லை, பெரிய பெரிய மீட்டர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

காற்று சூட்டில் ஏறும். காலையில் 32 பிஎஸ்ஐ வைத்தால் ஓட்டிவிட்டு வரும்போது 39, 40 காட்டும். பிட்டில் சூடாக இருக்கும்போதே 35 பக்கம் இறக்குங்க. சாயங்காலம் டயர் ஆறியதும் அதுவே 28 பக்கம் போய்விடும். அப்படியே ஹைவேயில் ஏறாதீங்க, மறக்காமல் நிரப்பிவிட்டுக் கிளம்புங்க. ஒரு சின்ன பம்ப்பும் கேஜும் டிக்கியில் இருக்கட்டும்.

வீல் போல்ட்டை இறுக்கும் அளவு போலோவுக்கு 120 என்எம் (நியூட்டன் மீட்டர்). டார்க் ரென்ச்சில் காலையில் ஒருமுறை, முதல் செஷன் முடிந்து வீல் ஆறியதும் ஒருமுறை பாருங்க. கண்மண் தெரியாமல் பானா போட்டு மிதித்து இறுக்கக் கூடாது.

17 இன்ச் வேண்டாம். 16-இல் 195/55 இருக்கிறது, அதிலேயே நல்ல கிரிப் உள்ள டயராகப் போடுங்க, ஆனால் இப்போதைய டயர் தேய்ந்த பிறகு. கற்றுக்கொள்கிற நேரத்தில் கிரிப் குறைந்த டயர்தான் நல்ல வாத்தியார், வழுக்குவதற்கு முன்னாடியே கத்திச் சொல்லிவிடும். லோயரிங் ஸ்பிரிங்கும் வேண்டாங்க. கும்பகோணம் ரோட்டில் ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றிலும் அடிவாங்கும், உங்கள் அப்பா முட்டிக்கும் அது ஆகாது.

பாலிசி_படிப்பவர்

காப்பீட்டுத் துறையில் இருக்கிறேன், ஒரே ஒரு விஷயம். உங்கள் பாலிசியை எடுத்து பயன்பாட்டு வரம்பு என்று இருக்கும் பகுதியைப் படியுங்கள். ஒழுங்குபடுத்திய பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குக் காப்பு இல்லை என்று தெளிவாக இருக்கும். டிராக்கில் சுவரில் இடித்தால் அது உங்கள் சொந்தச் செலவு. அந்தச் செலவைத் தாங்க முடியுமா என்று யோசித்துவிட்டு நுழையுங்கள்.

மாற்றங்களைப் பொறுத்தவரை, ஆர்சியில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பேடும் ஆயிலும் இதில் வராது, தேய்ந்தால் மாற்றும் பாகங்கள் அவை. ரீமேப் பண்ணிவிட்டுச் சொல்லாமல் இருந்தால், ரோட்டில் நடக்கும் விபத்துக்குக்கூட கிளெய்மில் கேள்வி வரலாம்.

பெருங்குடி_போலோ

மூவருக்கும் ரொம்ப நன்றி. பில்களைத் தேடிப் பார்த்தேன். அண்ணா சொன்னது அப்படியே உண்மை. ஒரு பில்லிலும் பிரேக் ஆயில் இல்லை. அப்படியென்றால் 2021-இல் ஊற்றியதுதான்.

இன்னும் இரண்டு சந்தேகம். புதுப் பேடைப் போட்டதும் அப்படியே டிராக்குக்குப் போகலாமா? செஷன் முடிந்து பிட்டுக்கு வந்ததும் ஹேண்ட்பிரேக் போடாதே என்று ஒருவர் கத்தினார், ஏன் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை.

சோழவரம்_ஞாபகம்

நல்ல கேள்விகள். புதுப் பேடைப் படிய வைக்க வேண்டும். கூட்டம் இல்லாத ரோட்டில், பின்னால் வண்டி வராதபோது, 80-இல் இருந்து 20-க்கு நிதானமான அழுத்தத்தில் எட்டுப் பத்து தடவை குறையுங்கள். முழுதாக நிற்கக் கூடாது. பிறகு பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். பேடின் சரக்கு மெல்லிய படலமாக டிஸ்கில் சமமாக ஏறும், அதுதான் வேண்டியது.

சூடான பேடை ஒரே இடத்தில் அமுக்கிக்கொண்டு நின்றால் அந்தச் சரக்கு அச்சு மாதிரி டிஸ்கில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் உதறும். டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள், பெரும்பாலும் வளைந்திருக்காது, படலம் மேடு தட்டியிருக்கும். உங்கள் வண்டியில் ஹேண்ட்பிரேக் பின் டிரம்மைப் பிடிக்கிறது. சூட்டில் விரிந்த டிரம் ஆறும்போது சுருங்கி ஷூவை இறுக்கிக்கொள்ளும். முதல் கியரில் விட்டு, வீலுக்கு ஒரு கல் வையுங்கள். அதற்கும் முன்னால், கடைசி ரவுண்டைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டுங்கள். இரண்டு ரவுண்ட் வேகம், ஒரு ரவுண்ட் நிதானம் என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இன்ஜின் ஆயில் அளவு குச்சியில் மேல் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், பெட்ரோல் பாதி டேங்குக்குக் கீழே போக வேண்டாம். சீட்டை எப்படி வைத்திருக்கிறீர்கள்? முதுகு சீட்டில் ஒட்டியிருக்கும்போது கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் உட்கார வேண்டும். அதைவிடத் தள்ளி உட்கார்ந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்குவீர்கள், வண்டி என்ன சொல்கிறது என்று கைக்குத் தெரியாது.

பெருங்குடி_போலோ

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். நேற்று போய்வந்தேன்.

ஆயில் மாற்றும்போது பக்கத்திலேயே நின்றேன். அண்ணா சொன்ன அதே டிகாக்‌ஷன் நிறம். கிளட்ச் லைனில் இருந்து வந்தது இன்னும் கறுப்பு. ஆயில், பேட், கூலி, ஒரு ஃபுல்-ஃபேஸ் ஹெல்மெட், பயிற்சியாளருக்கு இரண்டு செஷன் எல்லாம் சேர்த்து 33,000 ரூபாய் ஆனது.

முதல் செஷனில் அந்த ஸ்ட்ரெய்ட் முடிவு வந்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. போன தடவை பிடித்த இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே பிரேக் பிடித்தேன். பயிற்சியாளர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று ரவுண்ட் அப்படியே விட்டார். நான்காவதில் "பெடலை நம்புறீங்களா?" என்று மட்டும் கேட்டார். நம்புகிறேன் என்றேன். "அப்போ நான் சொல்லும்போது மிதிங்க" என்றார். அவர் சொன்ன இடம் எனக்கு அநியாயமாகத் தாமதமாகத் தெரிந்தது. மிதித்தேன். பெடல் போன ரவுண்டில் இருந்த உயரத்திலேயே, கெட்டியாக, காலுக்கு எதிராக நின்றது. வளைவுக்குள் திரும்பும்போது பார்த்தால் இன்னும் இடம் மிச்சம் இருந்தது.

நான்கு செஷனும் ஓட்டினேன். பெடல் ஒரு தடவைகூட இறங்கவில்லை. முன் டயர் காலையில் 32, அஞ்சு ரவுண்டில் 39. 35-க்கு இறக்கினேன். சாக்பீஸ் கோடு இடது முன் டயரில் பக்கச்சுவரில் ஒரு விரல் அகலம் அழிந்திருந்தது, வலதில் தோளோடு நின்றது. இரண்டிலும் ஒரே காற்றுதான். டிராக் வலஞ்சுழியாகப் போவதால் இடது டயருக்கு வேலை அதிகம் என்று நினைக்கிறேன். கோவை அண்ணா, அடுத்த தடவை இடதுக்கு மட்டும் ஒரு பிஎஸ்ஐ கூட வைக்கலாமா?

மீதி 47,000 ரூபாய் அப்படியே இருக்கிறது. நாளைக் காலை கும்பகோணம் கிளம்புகிறேன், காற்று நிரப்பிவிட்டேன்.

கோவை_பட்டறை

வைக்கலாங்க. முதலில் ஒன்று மட்டும் கூட்டிப் பாருங்க, இரண்டு வேண்டாம். சாக்பீஸ் கோட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்க.